ஒரே மழை, இரண்டு கடல்மட்டம், ஐந்து தெரிவு: திருகோணமலைத் தரைக்கு மழைநீர்க் கான்களை மாதிரியில் ஒப்பிடுதல்

திருகோணமலை நகரம் ஒரு குறுகிய கழுத்துத் தரையில் இருக்கிறது. ஒரு பக்கம் டச்சுக் குடா, மறுபக்கம் உட்துறைமுகம். உவர்மலை போன்ற மேட்டிலிருந்து விழும் மழைநீர் சில நூறு மீற்றருக்குள் தட்டையான தரைக்கு வந்து, அங்கே வேகம் இழந்து, கடலை எட்டுமுன் வீதியோரத்தில் தேங்குகிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரையான மாரியில் கொட்டும். அதே மாதங்களில் கிழக்குக் கரையில் கடல்மட்டமும் ஆண்டின் மற்றப் பகுதியைவிடச் சற்று உயர்ந்து நிற்கும். தாழமுக்கம் வரும் நாளில் இன்னும் ஏறும். 2000 டிசம்பர் 26 அன்று சூறாவளி திருகோணமலைக் கரையைக் கடந்தது. 2020 டிசம்பரில் புரெவி இந்தக் கரைக்குச் சற்று வடக்கே கடந்தது. கன மழையும் கடல் ஏற்றமும் ஒரே நாளில் கைகோத்து வரும் ஊர் இது. இங்கே கான் வடிவமைப்பின் தெரிவுகளை ஒப்பிடுகிறவர், கான் கடலில் விழும் வெளிவாயில் நிற்கும் நீர்மட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். கானின் அகலம் அதற்குப் பிறகுதான்.

கீழே வரும் எண்கள் ஒரு பயிற்சிக் கணக்குக்கு உரியவை. இந்த வகைத் தரையை ஒத்த அளவுகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. குறிப்பிட்ட ஒரு கானின் அளவைப் பதிவு அல்ல. கையாலேயே சரிபார்க்கக்கூடியபடி எளிதாக வைக்கப்பட்டிருக்கின்றன.

தரையும் கானும்

நீரேந்துபரப்பு 24 ஹெக்டெயர். மேட்டுப்பகுதி 10 ஹெக்டெயர், ஓடுநீர்க் குணகம் (விழும் மழையில் ஓடிவரும் பங்கு) 0.45. நடுவில் கடைகளும் வீடுகளும் நெருங்கிய 8 ஹெக்டெயர், குணகம் 0.75. கீழே தட்டையான 6 ஹெக்டெயர், குணகம் 0.65. மழைத் தீவிரம் மணிக்கு 50 மி.மீ. என வைத்தால் மூன்றும் முறையே வினாடிக்கு 0.625, 0.833, 0.542 கனமீற்றர் தரும். கூட்டினால் 2.0. (குணகம் × தீவிரம் × ஹெக்டெயர் ÷ 360.) உண்மை வடிவமைப்பில் இந்த 50க்குப் பதிலாக, திருகோணமலைக்குப் பொருந்தும் தீவிரம்–காலம்–மீள்வருகை வளைவிலிருந்து (எவ்வளவு கன மழை, எவ்வளவு நேரம், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று காட்டுவது), நீர் சேரும் நேரத்துக்கு ஏற்ற எண்ணை எடுக்க வேண்டும்.

கீழ்க்கான் 400 மீற்றர் நீளம், 1.2 மீற்றர் அகலம், செவ்வகக் கொங்கிறீற்று, மேலே சிலாப் மூடி. மேல்முனையில் அடிமட்டம் 0.00, வெளிவாயில் −0.20. எல்லாம் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து மீற்றரில். அந்தப் பகுதியிலேயே தாழ்ந்த வீதியோரம் கானின் மேல்முனையில் 1.00. ஆக, கடலிலிருந்து அந்த வீதியோரம் வரைக்கும் உள்ள உயர வித்தியாசம் மட்டுமே தண்ணீரைத் தள்ளும் விசை. அதற்கு மேல் தண்ணீர் எழுந்தால் வீதியில் நிற்கும்.

கடல் 0.60 இல் நின்றால் மிஞ்சுவது 0.40 மீற்றர். 400 மீற்றருக்கு 1 இல் 1000 சரிவு. கடல் 0.90 இல் நின்றால் மிஞ்சுவது 0.10. சரிவு 1 இல் 4000. கானின் ஓட்டத்தைக் கணிக்கும் மானிங் சூத்திரத்தில் கொள்ளளவு சரிவின் வர்க்கமூலத்தோடு போவதால், நான்கில் ஒன்றான சரிவு ஓட்டத்தைப் பாதியாக்க வேண்டும். ஆழம் கொஞ்சம் கூடுவதால் பாதிக்குச் சற்று மேலே நிற்கிறது. மானிங் எண் (கானின் உட்பரப்புக் கரடுமுரடு) 0.015, சராசரி ஆழங்கள் 0.90, 1.05 மீற்றர் என்று வைத்துக் கணக்கிட்டால் கான் கொண்டுபோகக்கூடியது 1.15, பிறகு 0.70 கனமீற்றர். முப்பது சென்ரிமீற்றர் கடல், கானின் வேலையில் ஐந்தில் இரண்டு பங்கைத் தின்றுவிடுகிறது.

கடல்மட்டம் எந்தத் தளத்திலிருந்து?

கணினி மாதிரிக் கோப்புகளில் அடிக்கடி நுழையும் பிழை இங்கேதான். துறைமுக வற்றுப்பெருக்கு அட்டவணையில் அச்சிட்ட உயரங்கள் கடல் வரைபடத் தளத்திலிருந்து அளக்கப்பட்டவை. அது மிகத் தாழ்ந்த வற்றத்தை ஒட்டிய தளம். கானின் மட்டங்களோ நில அளவையின் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து வருகின்றன. இரண்டுக்கும் இடையில் சில பத்துச் சென்ரிமீற்றர் வித்தியாசம் உண்டு. அட்டவணை எண்ணைத் திருத்தாமல் வெளிவாயில் இட்டால், மேலே பார்த்த 0.30 அளவான பிழை சத்தமின்றி உள்ளே வந்துவிடும். திருகோணமலையில் வற்றுப்பெருக்கின் வீச்சே சிறியது. எனவே வீச்சைச் சரியாகப் போட்டுத் தளத்தைப் பிழையாகப் போட்டால், சரியாகப் போட்டதற்கு எந்தப் பயனும் இல்லை. கணினிக்கு முன் உட்காருவதற்கு முதல், அருகிலுள்ள நில அளவை மட்டக்குறியிலிருந்து லெவல் எடுத்து, ஒரு குறித்த நேரத்தில் வெளிவாயில் நிற்கும் தண்ணீரின் மட்டத்தை அளந்து, அதே நேரத்து அட்டவணை எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும். அரைநாள் வேலை. வேறு எந்த அளவையும் இவ்வளவு பலன் தராது.

ஐந்து தெரிவுகள்

ஒவ்வொரு தெரிவுக்கும் இரண்டு எண்: கான் கொண்டுபோகக்கூடியது (வினாடிக்குக் கனமீற்றர்), பிறகு உச்ச வரவு ஒரு மணி நேரம் நீடித்தால் மிஞ்சி வீதியில் நிற்கும் நீர் (கனமீற்றர்). உண்மை மழையில் உச்சம் அவ்வளவு நேரம் நிற்காது. ஆகவே மிச்சத்தை மேல் எல்லையாகக் கொள்ள வேண்டும்.

| தெரிவு | வரவு | கடல் 0.60 | கடல் 0.90 |
|---|---|---|---|
| 1. இன்றிருக்கும் கான், 0.25 மீ. மண் | 2.0 | 0.52 / 5,330 | 0.34 / 5,980 |
| 2. தூர்வாரிய அதே கான் | 2.0 | 1.15 / 3,060 | 0.70 / 4,680 |
| 3. 1.8 மீ. ஆக அகலப்படுத்திய கான் | 2.0 | 2.00 / 0 | 1.23 / 2,770 |
| 4. தூர்வாரி, மேட்டுநீரைத் திருப்பியது | 1.375 | 1.15 / 810 | 0.70 / 2,430 |
| 5. அகலப்படுத்தி, மேட்டுநீரையும் திருப்பியது | 1.375 | 2.00 / 0 | 1.23 / 520 |

மூன்றாவது தெரிவின் இரண்டு நிரல்களைப் பாருங்கள். 0.60 கடலுக்கு மட்டும் ஓட்டியிருந்தால் அகலப்படுத்தல் முழுத் தீர்வு, மிச்சம் பூச்சியம். 0.90 வந்ததும் அகலப்படுத்திய கான், பழைய தூர்வாரிய கான் 0.60 கடலில் கொண்டுபோனதைவிடச் சற்றே கூடுதலாகத்தான் கொண்டுபோகிறது. ஒரே ஒரு கடல்மட்டத்தை வைத்து ஒப்பிட்ட அறிக்கை, எந்த மட்டத்தை எடுத்தது என்பதைப் பொறுத்தே வெற்றியாளரை அறிவிக்கும்.

மண்ணின் கணக்கு

முதல் தெரிவைப் பலர் வரைபடத்திலிருந்து ஓட்டுகிறார்கள்: 1.2க்கு 1.0, மானிங் 0.015. அது இரண்டாம் தெரிவு. இன்றிருக்கும் நிலை என்றால் இன்று கிடக்கும் மண்ணும் பொலித்தீனும் புல்லும் சேர்ந்த நிலை. 0.25 மீற்றர் மண் இருந்து, மானிங் எண் 0.022 ஆனால் கொள்ளளவு 1.15 இலிருந்து 0.52 ஆகிறது, பாதிக்கும் கீழே. அடிப்படைத் தெரிவில் இந்த மண்ணை விட்டுவிட்டால், தூர்வாரலின் பயன் அறிக்கையில் எங்கும் தெரியாது.

இதே மண்ணை அகலப்படுத்திய கானிலும் போட்டுப் பார்க்க வேண்டும். 1.8 மீற்றர் அகலம், 0.25 மண், 0.022, கடல் 0.60: கிடைப்பது 0.88. பெருஞ்செலவில் அகலப்படுத்திப் பராமரிக்காத கான், ஒன்றும் கட்டாமல் துப்புரவாக வைத்த பழைய கானைவிடக் குறைவாகவே இழுக்கும். மண்ணின் அளவு 1.2 × 0.25 × 400 = 120 கனமீற்றர். கிட்டத்தட்ட 42 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). 3 கியூப் ரிப்பரில் 14 லோட். கொள்ளளவை இரட்டிப்பாக்கும் வேலை 14 லோட்டில் இருக்கிறது, மாரிக்கு முன், செப்டெம்பரில். ஒவ்வொரு கட்டுமானத் தெரிவையும் துப்புரவான நிலை, மண் படிந்த நிலை என்று இரண்டு முறை ஓட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

மென்பொருளில் மண்ணை எப்படிக் காட்டுவது என்பதிலும் கவனம் தேவை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகவரகத்தின் இலவச மென்பொருளான எஸ்.டபிள்யு.எம்.எம்.மில் (பேச்சில் ‘ஸ்விம்’) மண் நிரம்பிய வட்டக் குழாய்க்குத் தனி வடிவம் உண்டு. செவ்வகக் கானுக்கு இல்லை. அங்கே ஆழத்தை 1.0 இலிருந்து 0.75 ஆகக் குறைத்து, கான்துண்டின் இரு முனை ஏற்றத்தையும் 0.25 கூட்ட வேண்டும். ஆழத்தை மட்டும் குறைத்துவிட்டு அடியை உயர்த்த மறந்தால், மண் அடியில் கிடப்பதற்குப் பதிலாகக் கானின் கூரை இறங்கியதாகிவிடும். சிறு ஓட்டத்தில் மண்ணே இல்லாதது போல ஓடும். பெரு ஓட்டத்தில் குழாய் போல அழுத்தம் பிடிக்கும்.

மேட்டுநீரைத் திருப்புவது ஏன் வேலை செய்கிறது

மேட்டிலிருந்து வரும் 0.625 உயரத்தில் இருந்தே தொடங்குகிறது. அதைத் தட்டைத் தரைக்கு இறக்கி, உயரத்தையெல்லாம் வீணாக்கி, பிறகு கடலோடு மல்லுக்கட்ட விடுவதுதான் பிரச்சினையின் வேர். அடிவாரத்தில் 5.00 மட்டத்தில் பிடித்து, 600 மி.மீ. ஹியூம் குழாயில் 1 இல் 80 சரிவில் 300 மீற்றர் கொண்டுபோனால் 3.75 மீற்றர் இறங்கி 1.25 மட்டத்தில் வெளிவரும். கடல் 0.90 ஆனாலும் குழாய்வாயைத் தொடாது. மானிங் 0.013 என்றால் முழுக் குழாய் 0.69 கொண்டுபோகும். தேவை 0.625. பத்து வீத இடைவெளிதான்.

அந்த இடைவெளியையும் நுழைவாய் பறித்துவிடலாம். 600 குழாய்க்குள் 0.625 நுழைய, குழாயின் மையத்துக்கு மேல் கிட்டத்தட்ட 0.7 மீற்றர் தண்ணீர் நிற்க வேண்டும். அதாவது அடியிலிருந்து ஒரு மீற்றர். நுழைவுக் குழி அவ்வளவு ஆழம் இல்லையென்றால் குழாய் பாதி வெறுமையாக இருக்க, தண்ணீர் வீதியில் வழிந்து பழைய வழியிலேயே கீழே போகும். ஸ்விமில் அந்தக் குழாய்க்கு மதகுக் குறியெண் (நுழைவாயின் வகையைச் சொல்லும் எண்) கொடுக்காவிட்டால் நுழைவாய்க் கட்டுப்பாட்டை மென்பொருள் கணக்கில் எடுக்காது. காகிதத்தில் குழாய் முழுதாக ஓடும், மழையில் ஓடாது. முன்னால் கம்பித் தட்டி வேண்டும். தட்டியின் திறப்பு குழாய் வாயைவிடக் குறைந்தது இரு மடங்கு இருக்கட்டும். சருகு ஒட்டிக்கொண்டால் பாதி அடைபடும். மாதிரியில் அந்தக் குழிக்கு ஒரு வழிவுப் பாதையும் வரைய வேண்டும், வழியும் நீர் பழைய கானுக்குப் போகும்படி. இல்லையென்றால் வழிந்த நீர் கணக்கிலிருந்தே காணாமற்போய், நான்காம் தெரிவு இருப்பதைவிட அழகாகத் தெரியும்.

வெளிவாயை எந்தப் பக்கம் வைப்பது? இரண்டும் அருகில் என்றால் துறைமுகப் பக்கம் நல்லது. திறந்த கடற்கரையில் அலை மணலைக் குவித்து வாயை மூடும். முதல் மாரி மழைக்கு வாய் அடைத்தே இருக்கும்.

ஐந்தாம் தெரிவில் மிஞ்சும் 520 கனமீற்றரைத் தேக்கத்தில் பிடிக்கலாம். 30க்கு 60 மீற்றர் மைதானத்தை 30 சென்ரிமீற்றர் தாழ்த்தினால் 540. ஆனால் தாழ்ந்த மூலையில் வேண்டாம். அங்கே 1.00 தரையை 0.70க்கு இறக்கினால், கடல் 0.90 ஆகும் நாளில் மழை தொடங்குமுன்பே அது கான்வழி நிரம்பிக் கிடக்கும். நடுப்பகுதியில், கடல் எட்டாத மட்டத்தில் வைத்து, அங்கு வரும் 0.833 இன் உச்சத்தை வெட்டுவதே பயன் தரும். மாதிரியில் தேக்கக் கணுவின் (கணு என்பது மாதிரியில் நீர் சேரும் புள்ளி) தொடக்க ஆழத்தைப் பூச்சியமாக விட்டால் தாழ்ந்த மூலைத் தேக்கமும் நன்றாக வேலை செய்வதாகக் காட்டும். கவனம்.

ஒருவழிக் கதவு பற்றிய கேள்வி எப்போதும் வரும். கடல் உள்நீரைவிட உயர்ந்திருக்கும்போது உப்புநீர் திரும்பி ஏறாமல் அது தடுக்கும். 1.00க்கும் 0.90க்கும் இடையில் கானின் கொள்ளளவை அது கூட்டாது. கதவின் எடை கொஞ்சம் குறைக்கவே செய்யும். 0.90க்குக் கீழ் வேறு தாழ்நிலம் இருந்தால் கதவு அவசியம். அதைத் தனித் தெரிவாக ஓட்ட வேண்டும், மற்றத் தெரிவுகளோடு கலக்கக்கூடாது.

மென்பொருள் எங்கே ஏமாற்றும்

முதலில் ஓட்ட முறை. கினமற்றிக் வேவ் முறை கீழிருந்து மேலே தள்ளும் நீரை அறியாது. அதில் 0.60, 0.90 இரண்டும் ஒரே விடையைத் தரும். அப்படி வந்தால் மாதிரி கடலைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். இந்தத் தரைக்கு அந்தத் தள்ளலையும் கணிக்கும் டைனமிக் வேவ் மட்டுமே. 400 மீற்றரை 50 மீற்றர் துண்டுகளாக்கி, கணிப்புப் படியை (ஒரு கணிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையிலான நேரம்) 5 வினாடி அல்லது அதற்குக் குறைவாக வைத்தால் அலைவு அடங்கும். தொடர்ச்சிப் பிழை (உள்ளே வந்த நீருக்கும் கணக்கில் நிற்கும் நீருக்கும் உள்ள வித்தியாசம்) 1 வீதத்தைத் தாண்டினால் விடையை எடுக்காமல் மிகக் குட்டையான துண்டைத் தேடுங்கள்.

அடுத்தது வெள்ள நீர் எங்கே போகிறது என்பது. தேங்குதலை அனுமதிக்காமல் ஓட்டினால், கணுவில் மேலெழுந்த நீர் மாதிரியை விட்டே வெளியேறிவிடும், திரும்பாது. மேல்பகுதியில் இடுக்கான கான் உள்ள தெரிவு கீழ்ப்பகுதியைக் காப்பாற்றுவது போலத் தெரியும். உண்மையில் நீர் மேலே வழிந்து வீதிவழி கீழே வந்திருக்கும். தேங்குதலை இயக்கி, ஒவ்வொரு கணுவுக்கும் தேங்கு பரப்பையும் கொடுக்க வேண்டும். பரப்பு பூச்சியமாக இருந்தால் இயக்கியும் பயனில்லை. வீதியைத் தனிக் கானாக வரைவது இன்னும் நல்லது. 2022இல் வந்த 5.2 பதிப்பில் வீதிக் குறுக்குவெட்டும் வீதியோர நுழைவாய்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. சிலாப் மூடிய கானில் தண்ணீர் இறங்கும் துளையே தடையாக இருக்கும் இடங்களுக்கு இது பெரிய உதவி.

வரைபும் சுருக்க அறிக்கையும் முரண்படுவதைக் கண்டு பலர் குழம்புவர். சுருக்க அறிக்கையின் உச்சம் ஒவ்வொரு கணிப்புப் படியிலும் எடுக்கப்படுகிறது. வரைபு அறிக்கை இடைவெளியில் மட்டும் புள்ளி இடுகிறது. 15 நிமிட இடைவெளி என்றால் இந்த அளவான நீரேந்துபரப்பில் உச்சம் இரண்டு புள்ளிகளுக்கிடையே ஒளிந்துவிடும். 1 நிமிடம் வையுங்கள்.

தெரிவுகளைக் கையாளும் முறையும் முடிவை மாற்றும். ஸ்விமில் ஒவ்வொரு தெரிவும் தனி உள்ளீட்டுக் கோப்பு. அது வெறும் எழுத்துக் கோப்பு என்பதால், இரண்டு கோப்புகளை வரிக்கு வரி ஒப்பிடும் எந்தக் கருவியாலும் வித்தியாசத்தைப் பார்க்கலாம். இரண்டாம் தெரிவுக்கும் மூன்றாவதுக்கும் இடையே குறுக்குவெட்டுப் பகுதியில் உள்ள வரிகள் மட்டும் மாறியிருக்க வேண்டும். மழைத்தொடரிலோ நீரேந்து அகலத்திலோ ஒரு வரி மாறியிருந்தால் ஒப்பீடு செல்லாது. சூவர்ஜெம்ஸ் போன்ற மென்பொருளில் தாய்த் தெரிவிலிருந்து சேய்த் தெரிவு மரபாகப் பெறும். வசதிதான். ஆனால் சேயில் ஒரு குழாயின் அளவை ஒருமுறை கைவைத்து மாற்றிவிட்டால், பிறகு தாயில் செய்யும் திருத்தம் அந்த இடத்துக்கு இறங்காது. அளவை திருத்தப்பட்ட பிறகு பழைய அடிமட்டத்தோடு ஒரு சேய் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். திருத்தம் செய்த ஒவ்வொரு முறையும் சேய்த் தெரிவுகளில் எவை உள்ளூர் மாற்றம் என்று பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும்.

எளிய ஒரு சோதனை: ஐந்து தெரிவிலும் மொத்த ஓடுநீர் கனஅளவு ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே 2.0 வீதம் ஒரு மணிக்கு 7,200 கனமீற்றர். தெரிவு எதுவானாலும் மழை மாறாது. நீர் போகும் இடமே மாறும். நான்காம் தெரிவில் மொத்தம் குறைந்தால், மேட்டுப்பரப்பின் நீரைப் புதிய கணுவுக்கு மாற்றாமல் பரப்பையே அழித்திருக்கிறீர்கள். கூடினால் அதே பரப்பு இரண்டு கணுவுக்கும் நீர் கொடுக்கிறது.

அறிக்கையில் எதை அளப்பது

வெளிவாயின் உச்ச ஓட்டத்தை வைத்துத் தெரிவுகளை வரிசைப்படுத்தக்கூடாது. நல்ல கான் அதிக நீரைக் கடலுக்குக் கொண்டுபோகும், அதனால் வெளிவாய் ஓட்டம் கூடும். கூடியதைக் கேடு என்று வாசித்தவர்களும் உண்டு. வாசலில் நிற்கும் கடைக்காரருக்கு வேண்டியவை இரண்டு: வீதியோரத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம், எத்தனை நிமிடம். அந்தத் தாழ்ந்த வீதியோரக் கணுவில் 1.00க்கு மேல் எழும் ஆழமும் நீடிக்கும் நேரமும், இரண்டு கடல்மட்டத்துக்கும், துப்புரவான கானுக்கும் மண் படிந்த கானுக்கும் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். அந்தப் பக்கத்தை வைத்தால் தூர்வாரலும் திருப்புக் குழாயும் முதலில் வரும், அகலப்படுத்தல் அதன் பிறகே. குழாய் நீர்வழங்கல், மின்கம்பம், கடைப் படிகள் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டிய அகலப்படுத்தலைக் கடைசிக்கு வைக்க அதுவே போதுமான காரணம்.

மழைக்கும் கடலேற்றத்துக்கும் இடையிலான நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். ஒரு மணி மழையின் உச்சத்தைப் பெருக்கின் உச்சத்தில் ஒருமுறை, வற்றத்தில் ஒருமுறை வைத்தால் போதும். வற்றுப்பெருக்கு சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை சுழல்வதால், குறுமழை எந்த மட்டத்திலும் வந்து விழலாம். இரண்டு முறை ஓட்டியதன் விடைகளுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் நடுப்பகுதித் தேக்கம் பயன் தரும், ஒரு மணி பிடித்து வைத்து வற்றத்தில் விடலாம். வித்தியாசம் சிறிதென்றால் கடல் நாள் முழுக்க உயர்ந்தே நிற்கிறது, தேக்கத்துக்கு நேரம் கிடைக்காது.

இந்த மாரியில் வெளிவாய்ச் சுவரில் சென்ரிமீற்றர் கோடிட்ட அளவுபலகை ஒன்றை, சராசரிக் கடல்மட்டத்தில் பூச்சியம் வரும்படி பொருத்தி, மேல்முனையில் இன்னொன்றையும் பொருத்துங்கள். கன மழை நாளில் இரண்டையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் எடுத்து நேரத்தோடு வைத்தால், இரண்டு மட்டங்களின் வித்தியாசம் ÷ 400 நேரடியாகச் சரிவைத் தரும். அந்த நேரத்து ஓட்டமும் தெரிந்தால் மாதிரியின் மானிங் எண்ணை அதைக்கொண்டு திருத்தலாம்.